இலோயிலோவும் பகோலோடும்: ஒரு ஜலசந்தியின் இரு கரைகளில் ஐந்து நாள் சாப்பாடு, கடைவீதி, ஊர் சுற்றல்

பிலிப்பைன்ஸ் போகிற நம் ஆட்கள் பெரும்பாலும் மணிலா, செபு, போராகாய், பலவான் என்று சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். கடல் அழகு, சாப்பாடுதான் பிடிக்கவில்லை என்பார்கள். அந்த நாட்டில் சாப்பாட்டுக்காகவே போக வேண்டிய ஊர்கள் இரண்டு உண்டு. பனாய் தீவில் இலோயிலோ, அதன் எதிர்க்கரையில் நெக்ரோஸ் தீவில் பகோலோட். நடுவில் இருப்பது ஒரு ஜலசந்திதான். விரைவுப் படகில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். இரண்டு ஊரிலும் பேசுவது ஹிலிகாய்னோன் மொழி. சண்டை போட்டால்கூடக் கொஞ்சுவது போலக் கேட்கும் என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்கிற மொழி.

இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது. அதற்குக் காரணம் சர்க்கரை.

இலோயிலோ ஒரு காலத்தில் நெசவு ஊர். வீட்டுக்கு வீடு தறி ஓடியது. 1855-இல் அதன் துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. மறு வருடம் நிக்கோலஸ் லோனி என்ற ஆங்கிலேயர் பிரிட்டிஷ் துணைத் தூதராக வந்து சேர்ந்தார். மான்செஸ்டரின் மலிவான ஆலைத் துணியை இறக்கினார். திரும்பும் கப்பல்கள் காலியாகப் போகக் கூடாதே என்று கரும்புச் சாகுபடியை ஊக்குவித்தார். கரும்பு பிழியும் இரும்பு ஆலைகளைத் தவணையில் கொடுத்தார். தறி ஓய்ந்தது. பணமுள்ள இலோயிலோ குடும்பங்கள் கூலியாட்களோடு ஜலசந்தியைத் தாண்டி நெக்ரோஸில் கரும்பு போட்டன. இலோயிலோவின் கடைவீதி மாளிகைகள், பகோலோட்டுக்குப் பக்கத்து ஊரான சிலாயின் பெரிய மர வீடுகள், பகோலோட்டின் இனிப்புகள் எல்லாம் இந்த ஒரு கதையிலிருந்து வந்தவை. அதனால் இலோயிலோவில் தொடங்கி பகோலோடில் முடியுங்கள். கதையும் அந்த வரிசையில்தான் நடந்தது.

கிளம்புவதற்கு முன்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 2025 ஜூன் முதல் சுற்றுலாவுக்கு 14 நாள் விசா இல்லாமல் போகலாம். அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஷெங்கன் நாடுகள், சிங்கப்பூர், பிரிட்டன் இவற்றில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால் 30 நாள். இரண்டையும் அங்கே போய் நீட்டிக்க முடியாது. கடவுச்சீட்டு ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட முன்பதிவும் கையில் இருக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு என்றால் 30 நாள் விசா இல்லாமலே போகலாம். இலங்கையிலிருந்து போகிறவர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் போடுமுன் ஒருமுறை தூதரகத்தின் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

எல்லோருக்கும் பொதுவானது இ-டிராவல் பதிவு. நாட்டில் இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்பி, வரும் கியூஆர் கோடைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அது இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அரசின் தளம் இல்லை.

மணிலாவிலிருந்து இரண்டு ஊருக்கும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான விமானப் பயணம். இலோயிலோவில் இறங்கி, பகோலோட் - சிலாய் விமான நிலையத்திலிருந்து திரும்புகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். வந்த வழியே திரும்பினால் அரை நாள் வீண்.

காலம்: டிசம்பர் முதல் மே வரை மழை குறைவு. மாம்பழத்துக்கு ஏப்ரல், மே. கூட்டமும் கொண்டாட்டமும் வேண்டும் என்றால் ஜனவரி நான்காவது ஞாயிறு இலோயிலோவில் தினாக்யாங் திருவிழா, அக்டோபரில் பகோலோடில் மாஸ்காரா. இந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம், மாதங்களுக்கு முன்பே போட வேண்டும். ஜூலை தொடங்கி வருடக் கடைசி வரை புயல் பற்றிய யோசனை வேண்டும். எச்சரிக்கை ஏறினால் கடலோரக் காவல் படை எல்லாப் படகையும் நிறுத்திவிடும். எனக்கே ஒரு முறை ஒரு பகல் முழுவதும் துறைமுகப் பெஞ்சில் போனது. அன்றிலிருந்து படகுக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் நடுவே ஒரு நாளாவது இடைவெளி விடாமல் நான் திட்டம் போடுவதில்லை.

ஒரு பீசோ சுமார் ஒன்றரை ரூபாய். சந்தையிலும் ஜீப்னி என்ற பொது வண்டியிலும் சில்லறை நோட்டு வேண்டும், 1000 பீசோ நோட்டை யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

சாப்பிடத் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

பன்றி அங்கே எல்லாவற்றிலும் இருக்கும். காய்கறி என்று சொல்லி வைக்கும் தட்டிலும் நாலு துண்டு கிடக்கும். மாமிசம் இல்லாமல் என்று சொன்னால் இறாலையும் கருவாட்டையும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அதனால் எது வேண்டாமோ அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'இந்தி அகோ ககாஒன் சாங் பாபோய்' என்றால் நான் பன்றி சாப்பிடுவதில்லை. 'பிலா நி?' என்றால் இது எவ்வளவு. 'நாமித்' என்றால் ருசி, 'நாமித் கித்' என்றால் ரொம்ப ருசி. இதைச் சொன்னால் கடைக்காரர் முகம் மலர்வதைப் பார்க்கலாம். கொஞ்சம் வயதானவர்களை மனோங், மனாங் என்று கூப்பிடுங்கள், நம் அண்ணன், அக்கா மாதிரிதான். ஜீப்னியை நிறுத்த 'லுகார் லாங்' என்று குரல் கொடுக்க வேண்டும்.

நமக்கு மனசுக்கு நெருக்கமான மூன்று பொருள்கள் இந்தச் சமையலில் உண்டு. ஒன்று கட்யோஸ், அதாவது துவரை. உடைக்காமல் முழுதாகவே வேகவைப்பார்கள், சாறு கருஞ்சிவப்பாக இறங்கும். இரண்டாவது உபட், வாழைத்தண்டு. மூன்றாவது பட்வான், நம் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்த பச்சைக் காய். புளியோ தக்காளியோ இல்லாமல் இதை வைத்துத்தான் புளிப்புக் கொடுக்கிறார்கள். துவரை, கோழி, வாழைத்தண்டு மூன்றும் சேர்ந்த குழம்புக்குக் கட்யோஸ்-மனோக்-உபட் என்று பெயர். இதே துவரையைப் பன்றி, பலாக்காயோடு சேர்ப்பது இன்னொரு வகை, கடைகளில் அதுதான் அதிகம். இலோங்கோ (இந்தப் பகுதி மக்களின் பெயர் அதுதான்) வீட்டுச் சாப்பாடு போடும் கடையில் கோழிக் குழம்பு கிடைத்தால் விடாதீர்கள். சூடான சோற்றில் அதை ஊற்றிச் சாப்பிட்டபோது, வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்தோமா என்று தோன்றியது.

முதல் நாள்: லாபாஸ் சந்தையிலிருந்து மோலோ வரை

இலோயிலோ 2023 அக்டோபரில் யுனெஸ்கோவின் உணவுக்கலைப் படைப்பு நகரங்கள் பட்டியலில் சேர்ந்தது. பிலிப்பைன்ஸில் அந்தப் பெயர் பெற்ற முதல் ஊர். ஏன் என்று தெரிய காலையிலேயே லாபாஸ் பொதுச் சந்தைக்குப் போங்கள். பட்சோய் என்ற நூடுல்ஸ் சாறு பிறந்த இடம் அதுதான்.

கடைக்காரர் கையைப் பாருங்கள். கிண்ணத்தில் மஞ்சள் மிக்கி நூடுல்ஸ். அதன் மேல் கொதிக்கும் எலும்புச் சாற்றை ஊற்றுவார், அப்படியே அண்டாவில் வடிப்பார், திரும்ப ஊற்றுவார். நூடுல்ஸும் கிண்ணமும் சூடேறியதும் பன்றி ஈரல், இறைச்சித் துண்டுகள், வெங்காயத்தாள், பொன்னிறமாக வறுத்த பூண்டு, நொறுக்கிய பன்றித்தோல் வறுவல். கேட்டால் எலும்பு மஜ்ஜையும் ஒரு பச்சை முட்டையும். முட்டையைச் சாற்றின் சூட்டிலேயே கலக்க வேண்டும். கூடவே புட்டோ என்ற அரிசிப் பணியாரமோ பான் தே சால் என்ற சின்ன ரொட்டியோ கேட்டு வாங்கி, சாற்றில் தோய்த்துச் சாப்பிடுவது ஊர் வழக்கம். சாறு தீர்ந்தால் கிண்ணத்தை நீட்டுங்கள், பெரும்பாலான கடைகளில் மறுபடி ஊற்றுவார்கள். 1945-இல் தொடங்கிய டெட்ஸ் கடையின் கிளைகள் ஊர் முழுக்க உண்டு. சந்தைக்குள் நெட்டோங்ஸ், டெக்கோஸ் இருக்கின்றன. எது உசத்தி என்று ஊர்க்காரர்களே ஒத்துக்கொள்வதில்லை. எனக்குச் சந்தைக்குள் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் பிடித்தது. பன்றி சாப்பிடாதவர்களுக்கு பட்சோயில் பெரும்பாலும் மாற்று வழி இல்லை. சந்தையில் பழம், காப்பி, புட்டோ என்று முடித்துக்கொள்ளுங்கள், அடுத்து வருவதில் உங்களுக்கு நிறைய இருக்கிறது.

அங்கிருந்து ஜாரோ பக்கம். ஜாரோ பேராலயத்தின் மணிக்கூண்டு கோயிலோடு ஒட்டி இல்லை, தெருவுக்கு எதிர்ப்புறம் பூங்காவில் தனியாக நிற்கிறது. முகப்பில் படியேறிப் போனால் கன்டெலாரியா மாதாவின் சிலை. போப் இரண்டாம் ஜான் பால் 1981-இல் நேரில் வந்து முடிசூட்டியது. அந்தச் சிலை வருடா வருடம் வளர்கிறது என்பது ஊர் நம்பிக்கை. பிப்ரவரி 2 அதன் திருவிழா. ஜாரோவிலேயே பிஸ்கோச்சோ ஹவுஸ் கடை. வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மொறுமொறுவென்று சுட்ட ரொட்டிதான் பிஸ்கோச்சோ. வாழைக்காயைச் சீவிப் பாகில் உருட்டிய பினாசுக்போவும் வாங்குங்கள். அந்த ருசி நமக்குப் புதிதில்லை.

மதியம் வெயில் தாழ்ந்ததும் கால்யே ரியால். சர்க்கரைப் பணத்தில் எழுந்த பழைய கடைவீதி, முகப்புகளைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். தலையை நிமிர்த்தியே நடங்கள், அழகெல்லாம் முதல் மாடியில்தான். பிறகு மோலோ. இங்கே உள்ள புனித அன்னா ஆலயத்தில் தூண்களை ஒட்டி நிற்கும் 16 புனிதர்களும் பெண்கள். எதிரே மோலோ மாளிகை, கீழ்த்தளம் கைவினைக் கடை. மோலோ பழைய சீனக் குடியிருப்பு. அங்கே பிறந்த பன்சித் மோலோவில் பன்சித் என்ற பெயர் மட்டும்தான், நூடுல்ஸ் கிடையாது. மெல்லிய மாவில் பொட்டலம் கட்டிய பன்றி, இறால் உருண்டைகள் மிதக்கும் சாறு அது.

சாயங்காலம் இலோயிலோ ஆற்றங்கரை நடைபாதை. ஒரு காலத்தில் நாறிக்கிடந்த ஆற்றைச் சுத்தம் செய்து, கரையின் அலையாத்தி மரங்களை வெட்டாமல் அப்படியே விட்டு, 2012-லிருந்து நீளநீளமாக நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஊர் மக்கள் குடும்பத்தோடு வந்து நடக்கிறார்கள். ஒரு நகராட்சி மனது வைத்தால் ஆறு என்னவாகும் என்பதற்கு நான் நேரில் பார்த்த நல்ல சாட்சி இது. ஒரு மணி நேரமாவது நடந்துவிட்டு வாருங்கள்.

இரண்டாம் நாள்: மியாகாவும் தறியும்

தெற்கே 40 கிலோமீட்டரில் மியாகாவ். 1797-இல் கட்டி முடித்த ஆலயம், 1993 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். முகப்பு முழுவதும் மஞ்சள் கலந்த பழுப்புக் கல் சிற்பம். நடுவில் புனித கிறிஸ்டோபர் குழந்தை இயேசுவைத் தோளில் சுமக்கிறார். கையில் பிடித்து நிற்பது தென்னை மரம், அக்கம்பக்கத்தில் பப்பாளியும் கொய்யாவும். ஐரோப்பியக் கதையைச் சொல்லச் சொன்னபோது ஊர்க் கொத்தர்கள் தங்கள் தோட்டத்தையும் சேர்த்தே செதுக்கிவிட்டார்கள். காலை வெளிச்சத்தில் போனால் கல் பொன்னாகத் தெரியும்.

வெளிநாட்டுத் துணி வந்து ஓய்ந்த தறிகள் முழுதும் சாகவில்லை. மியாகாவிலும் வழியில் ஓட்டோனிலும் ஹப்லோன் கைத்தறி இன்னும் நெய்கிறார்கள். 'ஹபோல்' என்றால் நெய்தல். நெசவுக் கூடத்துக்குள் அனுமதி கேட்டுப் போங்கள். பெரும்பாலும் பெண்கள், மிதிகட்டையில் கால், ஓடத்தில் கை. அந்தத் தடக்-தடக் சத்தம் காஞ்சிபுரத்திலோ சென்னிமலையிலோ வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டம் போட்ட பதாட்யோங் என்ற உடுப்பு நம் கைலிக்கு உடன்பிறப்பு மாதிரி இருக்கும். மேல்துண்டோ மேசை விரிப்போ நெசவாளர்களிடமே வாங்குங்கள், இங்கே பேரம் வேண்டாம். மீட்டருக்கு எத்தனை மணி நேர உழைப்பு என்று கேட்டால் நீங்களே பேச மாட்டீர்கள்.

திரும்பும் வழியில் அரேவாலோவில் 1865-இல் கட்டிய கமின்யா கல் வீட்டில் கெட்டியான சாக்லேட் பானம் குடிக்கலாம். இரவுக்குக் கடலோரக் கடைகளில் சிப்பி. தட்டு தட்டாக, நம்ப முடியாத விலையில் வைப்பார்கள். வேகவைத்ததையே கேளுங்கள்.

மூன்றாம் நாள்: கிமாராஸ், பிறகு படகு

மாம்பழக் காலம் என்றால் காலையில் கிமாராஸ் தீவுக்குப் போய் வாருங்கள், பம்ப் படகில் கால் மணி நேரம். ஒரு எச்சரிக்கை: வெளி மாம்பழத்தைத் தீவுக்குள் கொண்டுபோகத் தடை. பூச்சி வந்துவிடக் கூடாது என்று துறைமுகத்திலேயே பார்ப்பார்கள். பழத்தை அங்கேயே தின்றுவிடுங்கள். ஊருக்கு வேண்டுமானால் அங்குள்ள டிராப்பிஸ்ட் துறவி மடத்தின் கடையில் காய்ந்த மாம்பழமும் ஜாமும் வாங்கலாம். மாம்பழக் காலம் இல்லை என்றால் இந்தத் தீவை விட்டுவிட்டு, அந்த நேரத்தை இலோயிலோ சந்தைக்குக் கொடுங்கள்.

பகோலோட் படகுகள் பகலில் பல முறை போகின்றன. மத்தியானத்துக்கு முன் கடல் அமைதியாக இருக்கும். டிக்கெட்டோடு துறைமுகக் கட்டணம் தனி. குளிரூட்டிய கூடம் உறைய வைக்கும், ஒரு சால்வை கைப்பையில் இருக்கட்டும். இறங்குவது பிரெட்கோ துறைமுகம், ஊருக்குப் பக்கம்தான்.

நான்காம் நாள்: பகோலோட்

படகிலிருந்து இறங்கிய முதல் இரவே கோழி இனாசல். மனோகான் கன்ட்ரி என்று வண்டிக்காரரிடம் சொன்னால் போதும், கோழி சுடும் கடைகள் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போவார். கோழியை காலமன்சி எலுமிச்சை, தேங்காய்க் காடி (வினிகர்), பூண்டு, இஞ்சி, எலுமிச்சம்புல்லில் ஊறவைத்து, கரியில் சுட்டுக்கொண்டே அனாட்டோ விதை போட்ட எண்ணெயைத் தடவுகிறார்கள். காவி நிறம் அதிலிருந்து வருவது, மிளகாயிலிருந்து இல்லை. 'பாஆ' என்றால் கால், 'பெச்சோ' நெஞ்சு, 'பக்பாக்' இறக்கை. கோழியின் வால் பகுதியான 'இசோல்' குச்சியில் கோத்து வரும், கொழுப்பு உருகி மொறுமொறுவென்று இருக்கும். ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

சாப்பிடும் முறை முக்கியம். பூண்டுச் சோறு வாங்குங்கள். மேசையில் இருக்கும் காவி எண்ணெயைச் சோற்றில் ஊற்றுங்கள். சின்னத் தட்டில் சினாமக், சோயா சாஸ், காலமன்சி, ஒரு மிளகாய் நசுக்கிக் கலந்துகொள்ளுங்கள். சினாமக் என்பது மிளகாய், பூண்டு, இஞ்சி, சித்தரத்தை வகை வேர் ஊறிய காடி. அப்புறம் கையால் பிசைந்து சாப்பிட வேண்டியதுதான். எல்லோரும் கையால்தான் சாப்பிடுகிறார்கள், நமக்கு அங்கே கூச்சமே இல்லை. காரம் தேடும் நாக்குக்கு இந்தக் காடிதான் துணை. ஒரு குப்பி ஊருக்கும் வாங்கினேன்.

மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்கள் மறுநாள் மதியம் கான்சி தேடுங்கள். காலெலும்பும் மஜ்ஜையும் பட்வான் புளிப்பும் சேர்ந்த சாறு, மழை நாளுக்கு அதற்கு ஈடில்லை. சைவக்காரர்கள் லாஸ்வா கேளுங்கள். வெண்டை, பூசணி, கத்தரி, முருங்கைக்கீரை போட்ட தண்ணீர்ச் சாறு. இறால் போடாமல் புதிதாக வைக்கச் சொல்ல வேண்டும், பத்து நிமிடத்தில் ஆகிவிடும்.

ஊரில் பார்க்க மாகாணத் தலைமையகமும் அதன் முன்னால் உள்ள குளமும் உண்டு. எனக்கு மனசில் நின்றது அதற்குப் பக்கத்தில் உள்ள நெக்ரோஸ் வனப் பூங்கா. நெக்ரோஸும் பனாயும் சேர்ந்த விசாயா தீவுகளில் மட்டுமே வாழும் புள்ளி மானையும் இருவாட்சியையும் காப்பாற்றி இனப்பெருக்கம் செய்கிறார்கள். கரும்புக்காகக் காடு போன தீவில் மிச்சமிருக்கும் உயிர்கள் இவை. அக்டோபரில் போனால் மாஸ்காரா. சிரிக்கும் முகமூடிகளைப் பார்க்கும்போது அது எப்படித் தொடங்கியது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1980-இல் சர்க்கரை விலை சரிந்து ஊர் கடனில் கிடந்தது. அந்த ஏப்ரலில் தோன் ஹுவான் என்ற கப்பல் மூழ்கி நெக்ரோஸ்காரர்கள் பலர் இறந்தார்கள். மீண்டு வருவோம் என்று சொல்லத்தான் அந்த வருடம் சிரித்த முகமூடியைப் போட்டார்கள்.

வாங்க வேண்டியவை. பியாயாதான் முதல் இடம். நாட்டுச்சர்க்கரைப் பூரணம் வைத்து, தட்டி, எள் தூவி, கல்லில் வாட்டியது. போளியைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். கல்லிலிருந்து எடுத்ததும் வாங்கிப் பிய்த்தால் உள்ளே சர்க்கரை பாகாக ஒழுகும், உதடு பத்திரம். பொட்டலத்தில் வருவது ஆறி இறுகியிருக்கும், ஊரில் தோசைக்கல்லில் ஒரு நிமிடம் வாட்டினால் பாதி உயிர் திரும்பும். சில கடைகளில் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது உண்டு, கேட்டு வாங்குங்கள். எருமைப்பால் சுண்டிய துல்சே காதாஸ், நம் பால்கோவாவின் உறவு. அடுக்கடுக்கான நெப்போலியோனெஸ் அன்றே சாப்பிட வேண்டியது. சமைக்கிறவர்களுக்கு கருப்பு மஸ்கோவாதோ சர்க்கரையும் பட்வான் பொட்டலமும். சினாமக் குப்பியைக் கைப்பையில் விட மாட்டார்கள், துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைவினைப் பொருளுக்கு நெக்ரோஸ் உற்பத்தியாளர் சங்கத்தின் ஷோரூம் நம்பகமானது.

ஐந்தாம் நாள்: தலிசாய், சிலாய், விமானம்

பெட்டியோடு ஒரு வண்டியை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். பகோலோட், தலிசாய், சிலாய் மூன்றும் ஒரே சாலையில், விமான நிலையமும் சிலாயில்தான்.

தலிசாயில் கரும்புத் தோட்டத்துக்கு நடுவே 'தி ரூயின்ஸ்'. மரியானோ லாக்சோன் என்ற கரும்புப் பண்ணையார், இறந்துபோன மனைவி மரியாவின் நினைவாகக் கட்டிய மாளிகை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிடித்துத் தளமாக்கிவிடக் கூடாது என்று பிலிப்பினோ கெரில்லாக்களே தீ வைத்தார்கள். கூரையும் மரத் தளமும் போயின, தூண்கள் நிற்கின்றன. கிட்டப் போய்த் தூண்களைப் பாருங்கள், இரண்டு எம் எழுத்து, ஒன்று இன்னொன்றுக்குப் பிம்பம் போல. மரியானோ, மரியா. சாயங்கால வெளிச்சத்தில் இன்னும் நன்றாக இருக்கும். விமானம் மதியம் என்றால் முந்தின நாள் மாலையே போய்விடுங்கள்.

சிலாயில் 1890-களில் கட்டிய பலாய் நெக்ரென்ஸே வீட்டுக்குள் போக வேண்டும். அகலமான பலகைத் தரை, காற்று போகச் செதுக்கிய மேல்சட்டங்கள், தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல்கள். ஜலசந்தியைத் தாண்டி வந்த சர்க்கரைப் பணம் எப்படி வாழ்ந்தது என்பது நாற்காலிகளில் தெரியும். அதற்கு உழைத்தவர்கள் எங்கே தூங்கினார்கள் என்பதையும் வழிகாட்டியிடம் கேளுங்கள், நான் கேட்டேன், பொறுமையாகச் சொன்னார்கள்.

அப்புறம் நடந்து எல் இதேயால் பேக்கரிக்கு. 1920-லிருந்து இருக்கிற கடை. பெரிய கொய்யாவில் செய்யும் குவாப்பிள் பை அவர்களுடைய பெயர் சொல்லும் பண்டம். சிலாய் பலகாரங்களைக் கூடையில் வைத்து வீடு வீடாக விற்பவர்களை மனுக்லிபோட் என்பார்கள். தெருவில் கண்ணில் பட்டால் நிறுத்தி, கூடையில் என்ன இருக்கிறதோ அதில் ஒவ்வொன்று வாங்குங்கள்.

கடைசியாக லும்பியா உபோட். தென்னங்குருத்தைச் சன்னமாகச் சீவி வதக்கி, மெல்லிய மாவுத் தாளில் சுருட்டியது, பொரிப்பதில்லை. உள்ளே இறாலும் பன்றியும் சேர்ப்பது வழக்கம், வேண்டாதவர்கள் முன்பே சொல்லி வையுங்கள். குருத்தின் ஈரம் தாளை நனைத்துவிடும், ஊர் வரை தாங்காது. விமான நிலையம் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான், பெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிட நேரம் இருக்கும். ஆளுக்கு இரண்டாக வாங்குங்கள்.